முளைப்பாரி அறையும் மால்ட் வீடும்



இன்றைக்குக் கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமைதானே, சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

இங்கிலாந்தில் வேலை பார்க்கும் நம் பள்ளிப் பிள்ளை ஒருவன் ஒரு படம் அனுப்பியிருந்தான். நீளமான செங்கல் கட்டடம். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன ஜன்னல்கள். ஒரு முனையில் மட்டும் கோபுரம் மாதிரிக் கூரான கூரை. "டீச்சர், இது சர்ச்சா, ஜெயிலா?" என்று கேட்டிருந்தான். இரண்டும் இல்லை. அது பார்லியை முளைக்க வைக்கும் வீடு. அங்கே அதற்கு மால்ட்டிங்ஸ் என்று பெயர். பீர் காய்ச்சும் தொழிலின் முதல் படி அங்கேதான் நடக்கும்.

ரிட்டயர்டு ஆன டீச்சருக்கு பீர் கம்பெனி மேல் என்ன ஆசை என்று சிரிக்காதீர்கள். எனக்கு அந்தச் சரக்கின் ருசி தெரியாது, தெரிந்துகொள்ளும் உத்தேசமும் இல்லை. ஒரு தொழில் தனக்கு வேண்டிய வீட்டை எப்படிக் கட்டிக்கொள்கிறது என்பதுதான் இன்றைய பாடம். கடைசியில் நம் கரிசலுக்கும் வந்து சேருவேன். அங்கே உங்களிடம் ஒரு வேலை கேட்கப் போகிறேன்.

முதலில் மால்ட் என்றால் என்ன? நம் ஊர்ப் பெண்பிள்ளைகளுக்கு இதைப் புரிய வைப்பது சுலபம். அம்மன் கோயில் பொங்கலுக்கு முளைப்பாரி போடுகிறோம் அல்லவா? தானியத்தை ஊறவைத்து, எருவும் வைக்கோலும் பரப்பிய சட்டியில் தூவி, கதவைச் சாத்திய இருட்டறையில் வைக்கிறோம். நாள் தவறாமல் தண்ணீர் தெளிக்கிறோம். சூடும் வெளிச்சமும் படாமல் பார்த்துக்கொள்கிறோம். மால்ட் வீட்டில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். அங்கே கும்மிப்பாட்டு இல்லை, முளையையும் வளர விடுவதில்லை.

தானியத்துக்குள் இருப்பது மாவுச்சத்து. விதை முளைக்கத் தொடங்கும்போது அதற்குள் நொதிகள் விழித்துக்கொள்கின்றன. மாவைச் சர்க்கரையாக மாற்றும் வேலை அவற்றுடையது. முளைகட்டிய கேப்பை மாவில் காய்ச்சும் கூழ் சாதாரணக் கூழைவிட நீர்த்து, லேசாக இனிப்பதைக் கவனித்திருப்பீர்கள். காரணம் அதுதான். நீங்கள் சின்ன வயதில் அடுக்களையில் திருடித் தின்ற ஹார்லிக்ஸும் மால்ட்தான். பீர் காய்ச்சுகிறவருக்கு வேண்டியது இந்தச் சர்க்கரை. ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் சர்க்கரையைத்தான் தின்னும், மாவைத் தின்னாது. அதனால் பார்லியை ஊறவைத்து, வேர் எட்டிப்பார்த்து முளை உமிக்குள் இருக்கும்போதே சூட்டில் உலர்த்தி நிறுத்திவிடுவார்கள்.

இப்போது அந்தப் படத்தில் உள்ள கட்டடத்தை மறுபடி பாருங்கள். இனி அது தானாகப் பேசும்.

ஏன் நீளம்? ஊறிய பார்லியைக் குவித்து வைத்தால் வெந்துபோகும். முளைகட்டிய பயறு மூட்டைக்குள் கையை விட்டால் கதகதவென்று இருக்குமே, அந்தச் சூடு. ஆகவே தரையில் சில அங்குல உயரத்துக்கு மட்டும் பரப்ப வேண்டும். ஒரு வாரம்போல, நாளைக்குப் பல தடவை மரச் சட்டுவத்தால் புரட்டிவிட வேண்டும். மெல்லிசாகப் பரப்ப நிறையத் தரை வேண்டும். அதனால் கட்டடம் நீண்டது. இரண்டு, மூன்று மாடியும் ஏறியது.

ஏன் உயரம் குறைவு? தானியம் கால் முட்டிக்குக் கீழேதான் கிடக்கிறது. நடுவில் நடந்து புரட்டும் ஆளின் தலை இடிக்காமல் இருந்தால் போதும். கூரை தாழ்ந்திருந்தால் ஈரமும் குளிர்ச்சியும் ஒரே சீராக நிற்கும். ஜன்னல் ஏன் சின்னது? வெளிச்சத்துக்காக வைத்ததில்லை, காற்றுக்காக வைத்தது. மரக் கதவைக் கொஞ்சம் திறந்தும் மூடியும் உள்ளே இருக்கும் சூட்டைச் சரிசெய்வார்கள். அந்தக் காலத்தில் அதுதான் ஏ.சி. ஐப்பசி வாக்கில் தொடங்கி சித்திரை, வைகாசியோடு நிறுத்திவிடுவார்கள். இங்கிலாந்தின் கோடையே இந்த வேலைக்குச் சூடு அதிகம்.

கூரான கூரை எதற்கு? அது சூளை அறை. கீழே நெருப்பு, மேலே ஓட்டை போட்ட ஓட்டுத் தரை, அதன்மேல் ஈர மால்ட். சூடான காற்று தானியத்தின் ஊடே ஏறி, ஈரத்தை வாங்கிக்கொண்டு, கூரை உச்சியில் உள்ள குல்லா வழியாக வெளியேறும். கூரை சரிந்து குவிந்தால்தான் காற்று நன்றாக இழுக்கும். பல ஊர்களில் அந்தக் குல்லா காற்றடிக்கும் திசைக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்ளும்.

இன்னொரு ஆளும் சேர்ந்துதான் அந்தக் கட்டடத்தைக் கட்டினார். அவர் வரி அதிகாரி. இங்கிலாந்தில் 1697 முதல் 1880 வரை மால்ட்டுக்கு வரி இருந்தது. தானியத்தை நனைப்பதற்கு முன்பே அதிகாரிக்குத் தகவல் சொல்ல வேண்டும். அவர் வந்து ஊறல் தொட்டியில் அளப்பார். தொட்டியிலிருந்து எடுத்துக் கொட்டும் மரச் சட்டத்திலும் அளப்பார். அவர் அளப்பதற்குத் தோதாகத்தான் தொட்டியும் சட்டமும் இருக்க வேண்டும் என்பது சட்டம். 1880-ல் கிளாட்ஸ்டன் அந்த வரியை எடுத்த பிறகுதான் கட்டுகிறவர்களுக்குக் கை அவிழ்ந்தது. லிங்கன்ஷயரில் ஸ்லீஃபோர்டு என்ற ஊரில் பாஸ் கம்பெனி 1900-களின் தொடக்கத்தில் கட்டிய மால்ட் வீடுகள் வரிசையாக எட்டு. முகப்பு மட்டும் கிட்டத்தட்ட 1,000 அடி. நம் பசுவந்தனையின் ஒரு முழுத் தெருவே அதற்குள் அடங்கிவிடும்.

கோவில்பட்டிப் பஞ்சாலைகளில் வேலை பார்த்த குடும்பங்கள் நம்மில் நிறைய. உங்களுக்காக ஒரு செய்தி. ஷ்ரூஸ்பரி என்ற ஊரில் 1797-ல் ஒரு நூற்பாலை கட்டி முடித்தார்கள். பஞ்சாலை இல்லை, ஆளிச்செடி நாரில் நூல் நூற்கும் ஆலை. அந்தக் காலத்து ஆலைகள் மரத்தூண், மரத்தளத்தோடு இருந்ததால் அடிக்கடி தீப்பிடித்துச் சாம்பலாகும். சார்லஸ் பேஜ் என்பவர் தூணையும் உத்தரத்தையும் வார்ப்பிரும்பில் செய்தார். இரும்புச் சட்டகத்தில் எழும்பிய உலகத்தின் முதல் கட்டடம் அதுதான். இன்று நீங்கள் சிங்கப்பூரிலும் துபாயிலும் அண்ணாந்து பார்க்கும் வானுயர்ந்த கட்டடங்களுக்கெல்லாம் அதுவே பாட்டன்.

1886-ல் அந்த நூற்பாலை மூடப்பட்டது. பத்து வருஷம் கழித்து ஒருவர் அதை வாங்கி மால்ட் வீடாக மாற்றினார். என்ன செய்தார் தெரியுமா? நூற்கிறவர்களுக்கு வெளிச்சம் வேண்டுமே என்று வைத்த பெரிய பெரிய ஜன்னல்களில் பலவற்றைச் செங்கல் வைத்து அடைத்தார். நூலுக்கு வெளிச்சம் வேண்டும், முளைக்கு இருட்டு வேண்டும். ஒரே சுவரில் இரண்டு தொழிலின் கையெழுத்தையும் இன்றைக்கும் படிக்கலாம். 1987-ல் மால்ட் வேலையும் நின்றது. பாழடைந்து கிடந்த கட்டடத்தை அரசு சார்ந்த தொல்பொருள் அமைப்பு வாங்கி, வருஷக்கணக்காகச் செப்பனிட்டு, 2022-ல் மக்களுக்குத் திறந்துவிட்டது. இன்று உள்ளே அலுவலகங்களும் ஒரு காட்சிக்கூடமும் இருக்கின்றன.

மால்ட் தயாரான பிறகு அது போவது பீர் ஆலைக்கு. அந்தக் கட்டடம் நேர் எதிர். நீளத்துக்குப் பதில் உயரம். மோட்டார் பம்பு பரவலாக வராத காலம். நீராவி இயந்திரத்தால் தண்ணீரையும் மால்ட்டையும் ஒரே தடவை உச்சி மாடிக்கு ஏற்றிவிடுவார்கள். பிறகு ஊறல், காய்ச்சல், ஆறவைத்தல், புளிக்கவைத்தல் என்று ஒவ்வொரு மாடியாகத் தானே இறங்கி வரும். புவியீர்ப்பு விசைதான் கூலி வாங்காத வேலைக்காரன். ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் ஹுக் நார்ட்டன் என்ற சிற்றூரில் வில்லியம் பிராட்ஃபோர்டு வரைந்த அப்படி ஒரு கோபுர ஆலை சுமார் 1900-ல் கட்டி முடிந்து இன்னமும் நடக்கிறது. ஏழாம் வகுப்பில் புவியீர்ப்பு நடத்தியபோது இந்த உதாரணம் எனக்குத் தெரிந்திருந்தால் எவ்வளவோ உதவியிருக்கும்.

பீருக்குக் குளிர்ச்சியும் வேண்டும். ஜெர்மனியின் பவேரியாவில் கோடையில் பீர் காய்ச்சக் கூடாது என்று 1553-லேயே ஆணை போட்டார்கள். பங்குனியில் காய்ச்சியதைப் புரட்டாசி வரை காப்பாற்ற நிலத்தடி அறைகள் தோண்டினார்கள். மேலே வெயில் இறங்காமல் இருக்க, இலை அகன்ற மரங்களை நட்டார்கள். அந்த நிழலில் பெஞ்சு போட்டதுதான் இன்றைக்கு உலகமெல்லாம் பேசும் பீர்த் தோட்டம். 1870-களில் கார்ல் ஃபான் லிண்டே என்ற பொறியாளர் செய்த குளிர்பதன இயந்திரத்தை முதலில் வாங்கிப் பயன்படுத்தியவர்களில் மியூனிக் நகரத்து பீர் ஆலைக்காரர்கள் உண்டு. உங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் மூதாதை அது. டென்மார்க்கில் கார்ல்ஸ்பெர்க் ஆலை தன் வாசலில் கருங்கல்லில் நான்கு யானைகளை நிறுத்தி, அவற்றின் முதுகில் கோபுரத்தைத் தூக்க வைத்தது. 1901-ல் கட்டியது. அதே ஆலையின் ஆய்வுக்கூடத்தில்தான் 1909-ல் சோரன்சன் பி.எச். அளவைக் கண்டுபிடித்தார். லிட்மஸ் தாளை நனைத்துவிட்டு "டீச்சர், நிறம் மாறிடுச்சு!" என்று கத்திய நீங்கள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

சரி, இந்தத் தொழில் நம் நாட்டுக்கு எப்போது வந்தது? வெள்ளைக்காரச் சிப்பாய்களோடு வந்தது. வந்தவர்கள் சமவெளிச் சூட்டில் காய்ச்ச முடியாமல் மலை ஏறினார்கள். எட்வர்டு டையர் என்பவர் இமயமலை அடுக்கில் சுமார் 6,000 அடி உயரத்தில் உள்ள கசௌலியில் ஆலை வைத்தார். இன்றைய பாகிஸ்தானில் முர்ரீ மலையருகே 1860-ல் இன்னொன்று எழுந்தது. அதைக் கவனித்துக்கொண்டவரும் அவரே. 1864-ல் முர்ரீயில் பிறந்த அவருடைய மகன்தான் 1919-ல் ஜாலியன்வாலா பாகில் சுடச் சொன்ன ஜெனரல் டையர். முர்ரீயின் அந்தப் பழைய கல் கட்டடம் 1947 கலவரத்தில் எரிந்துபோனது.

தெற்கே வந்தால் இலங்கையின் நுவரெலியா. நம் கிராமங்களிலிருந்து 'கண்டிச் சீமை'க்குத் தேயிலை பறிக்கப் போனவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அந்த ஊர் தெரியும். பின்னாளில் நைல் நதியின் மூலத்தைத் தேடிப்போய்ப் புகழ்பெற்ற சாமுவேல் பேக்கர், 1849-ல் அங்கே பீர் ஆலைக்கு அடி போட்டார். அதுவும் ஏறக்குறைய 6,000 அடி. நம் பக்கத்தில் நீலகிரியும் பெங்களூரும். 1857-லிருந்து தனித்தனியாக நடந்துவந்த தென்னிந்தியச் சிற்றாலைகளை 1915-ல் தாமஸ் லீஷ்மன் ஒன்றாகச் சேர்த்து யுனைடெட் புரூவரீஸ் என்று பெயர் வைத்தார். வரைபடத்தில் இந்த ஊர்களையெல்லாம் புள்ளி வைத்துப் பாருங்கள். எல்லாம் குளிர்ந்த மேட்டு நிலம். பக்கத்தில் ராணுவ முகாம், அல்லது துரைமார் இருப்பிடம். பெங்களூரின் நடுவில் இருந்த ஆலையை இடித்துவிட்டு, அந்த இடத்தில் கண்ணாடி மாளிகை வணிக வளாகம் கட்டிவிட்டார்கள். யு.பி. சிட்டி என்று கம்பெனியின் பெயர் மட்டும் நிற்கிறது.

அப்படியானால் நம் கரிசலில் ஏன் இப்படி ஒரு பழைய கட்டடம்கூட இல்லை? இங்கே போதைப் பானமே இல்லாமலா இருந்தது? இருந்தது. பனை மரம் இருந்தது. பதநீரில் சர்க்கரை ஏற்கெனவே கரைந்து நிற்கிறது. மாவை உடைத்துச் சர்க்கரையாக்கும் வேலையே இல்லை. கலயத்தில் சுண்ணாம்பு தடவாமல் விட்டால், காற்றில் உள்ள ஈஸ்டே சில மணி நேரத்தில் அதைக் கள்ளாக்கிவிடும். மறுநாள் புளித்துப்போகும், சேர்த்துவைக்க முடியாது. ஊறல் தொட்டி வேண்டாம், முளைத் தரை வேண்டாம், சூளை வேண்டாம், பாதாள அறை வேண்டாம். அங்கே ஆறு மாடியில் நடந்த வேலை இங்கே ஒரு மண் கலயத்துக்குள் மரத்தின் உச்சியிலேயே முடிந்துவிட்டது. மரமே கட்டடம்.

வரி அதிகாரி இங்கேயும் வந்தார். 1886-ல் சென்னை மாகாணத்தில் அப்காரிச் சட்டம் வந்தது. அங்கே தொட்டியை அளந்தவர் இங்கே மரத்தை எண்ணினார். கள் இறக்கும் மரத்துக்கு மர வரி. பிறகு மதுவிலக்கு வந்தது. 1937-ல் ராஜாஜி சேலத்தில் தொடங்கியது, 1948-ல் மாகாணம் முழுக்கப் பரவியது. அது சரியா தவறா என்ற வழக்கை இந்தப் பதிவில் எடுக்கவில்லை. கமெண்டில் சண்டை போடாதீர்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. ஷ்ரூஸ்பரியில் 200 வருஷத்துக்கு முந்திய தொழிலை ஒரு சின்னப் பிள்ளை சுவரைத் தடவியே படிக்கலாம். நம் பனைத்தொழிலுக்கு அப்படி ஒரு சுவர் இல்லை. அதற்கு இருந்த ஒரே கட்டடம் விடிலி. விளாத்திகுளம் பக்கமும் தேரிக்காட்டுப் பக்கமும் போனவர்களுக்குத் தெரியும். பனந்தடி நட்டு, பனையோலை வேய்ந்த குடிசை. உள்ளே பதநீர் காய்ச்சும் மண் அடுப்பு. புகை ஓலை இடுக்கு வழியே கசிந்து வெளியேறும். அடுப்புக்கு மேலே பரண். சிரட்டையில் ஊற்றி எடுத்த கருப்பட்டி அந்தப் புகையிலும் சூட்டிலும் இளகாமல் இருக்கும். கவனித்தீர்களா? கீழே நெருப்பு, மேலே உலரும் பண்டம், உச்சியில் புகை போக வழி. அதே சூளைத் தத்துவம். வரைபடம் போட்டுக்கொடுக்க பிராட்ஃபோர்டு மாதிரி ஒரு எஞ்சினியர் வரவில்லை. பனையேறியும் அவர் வீட்டுப் பெண்களும் தங்கள் அனுபவத்தில் கண்டது.

ஆனால் விடிலி பருவத்துக்குப் பருவம் பிரித்து வேய்வது. ஆடி கழிந்தால் ஆள் இல்லை. இரண்டு மழையில் தரையோடு தரை. அந்தக் குடும்பம் தொழிலை விட்டுவிட்டால் அடுப்பு இருந்த இடம்கூடத் தெரியாது. வீடுகளில் இருந்த குலுக்கைகளும் அப்படித்தான். ஆள் உயரத்துக்கு மண்ணும் வைக்கோலும் குழைத்துச் செய்த கம்பங் குலுக்கை, சோளக் குலுக்கை. கீழே தானியம் தள்ள ஒரு சின்ன வாய், மேலே மூடி. மச்சு வீடு கட்டும்போது முதலில் உடைபடுவது அதுதான். கல்லும் செங்கலும் இருந்தால் பிற்காலத்தில் யாராவது வந்து புரட்டிப் பார்ப்பார்கள். ஓலையையும் மண்ணையும் நாம்தான் எழுதிவைக்க வேண்டும். நாம் எழுதாவிட்டால், இந்த ஊரில் இத்தனை அறிவு இருந்தது என்பதற்கே சாட்சி இல்லை.

இப்போது நான் கேட்க நினைத்த வேலை.

கோடை விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது, உங்கள் தாத்தா வீட்டுக் குலுக்கையோ தெரிந்தவர்களின் விடிலியோ இன்னும் நின்றால், அதன் படத்தோடு திருப்திப்படாதீர்கள். அளந்து வாருங்கள். நீளம், அகலம், உயரம், வாசல் எந்தத் திசை, அடுப்புக்கு எத்தனை வாய், கூரைக்கு எத்தனை ஓலை. டேப் இல்லையென்றால் சாணும் முழமும் போதும். யார் கட்டியது, எத்தனை நாள் ஆனது, எந்த மண் எடுத்தார்கள் என்று கேளுங்கள். பனைக்குப் போன பெரியவர் யாராவது இருந்தால், பாளை அரிவாள், தளைநார், கலயம் என்று ஒவ்வொன்றையும் காட்டச் சொல்லி, அவர் வாயிலிருந்து வரும் பெயரை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். பள்ளியில் கணக்கு நோட்டுக்குப் போட்ட மாதிரி தேதியும் ஊரும் எழுதுங்கள். அவசரம் வேண்டாம், ஆனால் தள்ளிப்போடவும் வேண்டாம். 80 வயதைத் தாண்டியவர்கள்தான் இந்தப் பெயர்களை வைத்திருக்கிறார்கள்.

எனக்கு அனுப்புங்கள். ஒரு பெரிய நோட்டு வாங்கி வைத்திருக்கிறேன். வருவதையெல்லாம் ஊர்வாரியாக ஏற்றி, ஒரு பிரதியை நம் பள்ளி நூலகத்துக்குக் கொடுத்துவிடுகிறேன். அளவை மீட்டரில் எழுதினாலும் முழத்தில் எழுதினாலும் பரவாயில்லை. பெயரை மட்டும் நம் பேச்சில் எழுதுங்கள், திருத்த மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
பசுவந்தனை